ஊரார் வாங்கிய தவறணை

"தவறணை" என்னும் சொல்லைக் கேட்டமாத்திரத்தே நம் இல்லங்களிற் பெரியோர் முகஞ் சுளிப்பது வழக்கம். ஐரோப்பியர் நம் கரைக்கு வந்த காலத்திலே அவர்தம் மொழியிலிருந்து நம் பேச்சில் ஏறிக்கொண்ட சொல் அது. வந்த சொல் தனியே வரவில்லை. அன்றாடக் கூலியை அங்கே கொட்டிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பும் குடும்பத் தலைவனும், உலையேற்ற அரிசியின்றி வாயிலைப் பார்த்திருக்கும் மனைவி மக்களும் அச்சொல்லோடு கூடவே நம் மனக்கண்முன் வந்து நிற்கின்றனர். ஆகவே, ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தார் ஒன்றாக இருந்து படிக்கும் இப்பகுதியிலே ஒரு தவறணையைப் பற்றி எழுதத் துணிவதற்கு நாம் தக்க காரணம் காட்டவேண்டும்.

காரணம் இதுதான். இங்கிலாந்தின் வடமேற்கு மூலையிலே, மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில், ஊர்மக்கள் ஒன்றுகூடிப் பணஞ் சேர்த்து ஒரு தவறணையை விலைக்கு வாங்கினார்கள். மூடுவதற்காக அன்று; மூடாமற் காப்பதற்காக. அவ்வாறு வாங்கியோர் அனைவரும் குடிப்பிரியர் அல்லர். பின் எதற்காக வாங்கினர்? அதை அறிந்துகொள்ளும் ஆவலே நம்மை அவ்வூருக்கு இட்டுச் சென்றது.

அரசாங்கம் நடத்திய தவறணைகள்

இலண்டனின் யூஸ்ரன் நிலையத்திற் புகைவண்டி ஏறினால் ஏறத்தாழ மூன்றரை மணி நேரத்தில் கார்லைல் நகரை அடையலாம். ஸ்கொத்லாந்து எல்லைக்கு அணித்தாயுள்ள பழைய கோட்டை நகரம் அது. செந்நிறக் கல்லாலான கோட்டையும் தேவாலயமும் அதன் அணிகலன்கள். நாம் செல்லவேண்டிய ஊர் அங்கிருந்து தெற்கே 13, 14 மைல் தொலைவில் உள்ளது. எனினும் கார்லைலை வாளா கடந்து செல்லுதல் தகாது. மதுவிற்பனையின் வரலாற்றிலே இந்நகரத்துக்குத் தனியோர் அத்தியாயம் உண்டு.

முதலாம் உலகப் போர்க் காலத்தில், இந்நகருக்கு வடக்கே கிறெற்னா என்னுமிடத்தில், வெடிமருந்து செய்யும் மாபெருந் தொழிற்சாலையொன்றை அரசாங்கம் நிறுவியது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் வந்து குவிந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். தொழிற்சாலையைக் கட்ட வந்த ஆடவர் மாலைப்பொழுதானதும் கார்லைல் வீதிகளை நிறைத்துக் குடித்துக் கும்மாளமிட்டனர். வெடிமருந்தும் வெறியும் ஓரிடத்தில் இருத்தல் ஆகாது என்பதை உணர்ந்த அரசாங்கம் 1916 ஆம் ஆண்டிலே எவரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தது. அந்த வட்டாரத்துப் பியர் வடிசாலைகளையும் நூற்றுக்கு மேற்பட்ட தவறணைகளையும் தானே விலைக்கு வாங்கிக்கொண்டது!

வாங்கிய பின்னர் வியாபார முறையைத் தலைகீழாக மாற்றியது. மது அதிகம் விற்றால் முகாமையாளருக்கு அதிக ஊதியம் என்னும் வழக்கம் ஒழிந்தது. உணவும் மதுவற்ற பானங்களும் விற்பதற்கே ஊக்கப்பணம் கொடுக்கப்பட்டது. மது விளம்பரங்கள் அகற்றப்பட்டன. மிதமிஞ்சிய தவறணைகள் பல மூடப்பட்டன. எஞ்சியவற்றின் இருண்ட அறைகள் இடிக்கப்பட்டு, ஆடவரும் பெண்டிரும் அமர்ந்து உணவருந்தக்கூடிய வெளிச்சமான மண்டபங்கள் எழுந்தன. ஹறி றெட்ஃபேர்ண் என்னும் கட்டடக் கலைஞர் இதற்கென்றே புதிய மனைகள் பல வரைந்தார். அவற்றுட் சில இன்றும் நகரில் எஞ்சியுள்ளன.

போர் 1918 இல் ஓய்ந்தது. தவறணை நடத்துவதை அரசாங்கம் விடவில்லை. 1973 வரை, அரை நூற்றாண்டுக்கு மேலாக அம்முறை நீடித்தது. அதன்பின் யாவும் தனியாருக்கு விற்கப்பட்டன.

இந்த வரலாற்றை அறிந்துகொண்டு தெற்கு நோக்கிப் புறப்படும் பிரயாணியின் உள்ளத்தில் ஒரு வினா இயல்பாகவே எழும். மது விற்கும் மனை ஒன்று யாருக்குச் சொந்தமாயிருத்தல் நன்று? இலாபம் ஒன்றையே நாடும் முதலாளிக்கா, அரசாங்கத்துக்கா, அன்றி வேறு எவருக்கேனுமா? அவ்வினாவுக்கு ஒரு விடை 14 மைலுக்கு அப்பால் நமக்காகக் காத்திருந்தது.

சந்தை மறைந்த ஊர்

ஊரின் பெயர் ஹெஸ்கற் நியூமார்க்கெற். "நியூமார்க்கெற்" என்றால் புதுச்சந்தை. நம் நாட்டிலே சந்தையாற் பெயர் பெற்ற ஊர்கள் இருப்பது போலவே அங்கும். முன்னாளிலே சுற்றுவட்டாரத்து உழவரும் ஆட்டுமந்தை வளர்ப்போரும் கூடிய இடம் அது. ஊர் நடுவே நீண்டு கிடக்கும் பசும்புற்றரையும், அதன்மேல் தூண்கள் தாங்க நிற்கும் சந்தைக் குருசுமே அதற்குச் சாட்சி. சந்தை நின்று நெடுங்காலம் ஆகிவிட்டது. பெயரில் மட்டும் இன்னும் புதுச்சந்தை!

கற்சுவர் எழுப்பி வெள்ளை பூசிய வீடுகள் இருமருங்கும் அணிவகுத்து நிற்கின்றன. தெற்கே தலை தூக்கினால் கரொக் மலை தெரிகிறது. அதன் உயரம் 661 மீற்றர்; உச்சியிலே இரும்புக் காலத்து மக்கள் எழுப்பிய கற்கோட்டையின் சிதைவுகள் கிடக்கின்றன. அந்த மலைத்தொடரிலே ஈயமும் செம்பும் தோண்டி எடுத்த காலமும் உண்டு. சுரங்கங்கள் மூடின, சந்தை மறைந்தது, இளைஞர் பலர் தொழில் தேடி நகரங்களுக்குச் சென்றனர். மழை மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை. நாம் சென்ற நாளிலும் மலையுச்சியை முகில் மூடியிருந்தது; சாரல் முகத்தில் ஊசி போற் குத்திற்று.

இதே முகிலில் அகப்பட்டு அல்லலுற்றவர்களுள் ஒருவர் உலகப் புகழ் பெற்ற நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கன்ஸ். 1857 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் அவரும் நண்பர் வில்கி கொலின்ஸும் இவ்வூருக்கு வந்தனர். கரொக் மலையில் ஏறி, மூடுபனியில் வழி தவறி, இறங்கும்போது கொலின்ஸின் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. அப்பயணக் கதையை இருவரும் சேர்ந்து எழுதி அவ்வாண்டிலேயே வெளியிட்டனர். டிக்கன்ஸைப் பாடநூலிற் பயிலும் நம் மாணவர்களுக்கு இச்செய்தி சுவையூட்டும். ஆனால் நாம் இங்கு கருதவேண்டியது வேறு. அப்பெரியார் தங்கிய விடுதி இன்று விடுதியாக இல்லை, அது வீடாகிவிட்டது. உலகப் புகழ் பெற்றவர் ஒருவர் துயின்ற விடுதிக்கே அந்தக் கதியென்றால், மற்றவற்றைப் பற்றிச் சொல்வானேன்! ஊரில் எஞ்சி நிற்கும் பொதுமனை ஒன்றே. "ஓல்ட் கிரவுண்", அதாவது பழைய முடி என்பது அதன் பெயர்.

பொதுமனையின் உள்ளே

ஆங்கிலேயர் இத்தகைய இடத்தைப் "பப்" எனச் சுருங்க அழைப்பர். அதன் முழுப்பெயர் "பப்ளிக் ஹவுஸ்". பொதுமனை எனத் தமிழில் வழங்கலாம். பெயரிலேயே பொருள் அடங்கியிருக்கிறது. அது கடையன்று, வீடு. எனினும் ஒருவருடைய வீடன்று, பொதுவான வீடு.

வாயிலின் மேல் தொங்கும் படப்பலகையே முதலிற் கண்ணிற் படுவது. முடியும் சிங்கமும் மானும் அன்னமுமாக இங்கிலாந்து முழுவதும் இத்தகைய பலகைகளைக் காணலாம். எழுத்தறிவு அரிதாயிருந்த காலத்தில் படமே பெயராயிற்று. இரண்டாம் றிச்சர்ட் மன்னர் காலத்தில், 1393 ஆம் ஆண்டிலே, பியர் விற்போர் வாயிலில் அடையாளம் தொங்கவிடவேண்டும் என்று கட்டளை பிறந்தது. பியரின் தரத்தைச் சோதிக்கும் அதிகாரி இடத்தை எளிதிற் கண்டுகொள்வதற்கு அது வழி செய்தது.

கதவைத் திறந்து உட்புகுந்தோம். பெரிய மண்டபம் ஒன்றும் இல்லை. நம் ஊர் வீடொன்றின் விறாந்தையையும் முன்னறையையும் சேர்த்தாற் போன்ற அளவுதான். கணப்பிலே தீ எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னே நாயொன்று உடல் நீட்டித் துயின்றது. ஈர மேலங்கிகளைக் கழற்றி மாட்டிவிட்டு மலையேறிகள் சிலர் பாதங்களைச் சூடாக்கிக்கொண்டிருந்தனர். முதியோர் இருவர் ஆட்டு விலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தனர் என்பது காதில் விழுந்த சொற்களாற் புலப்பட்டது. தாயொருத்தி தன் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். புகைமணம் இல்லை, 2007 ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி தொடக்கம் இங்கிலாந்தின் பொதுமனைகளுக்குள் புகைபிடித்தல் சட்டப்படி தடுக்கப்பட்டுள்ளது.

மேற்படிப்புக்காக அந்நாடு செல்லும் மாணவர்கள் அங்குள்ள நடைமுறையை அறிந்திருத்தல் நலம். மேசையருகே அமர்ந்து பரிசாரகனை எதிர்பார்த்திருந்தால் பொழுதுதான் போகும். விற்பனை மேடைக்குத் தாமே சென்று, வேண்டியதைக் கேட்டு, அங்கேயே பணஞ் செலுத்தி, கையோடு கொண்டுவரல் வேண்டும். மேடையின் முன் வரிசை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் யார் முன் வந்தார், யார் பின் வந்தார் என்பதை எல்லோரும் மனத்திற் கொண்டிருப்பர். முறை தவறிக் கேட்பது பெருங்குற்றமாகக் கருதப்படும். நண்பர் பலர் சேர்ந்து சென்றால் ஒவ்வொருவர் முறை வரும்போதும் அவர் அனைவருக்கும் வாங்கிக் கொடுத்தல் மரபு. பிறர் வாங்கித் தந்ததை அருந்திவிட்டுத் தம் முறை வருமுன் எழுந்து போகிறவரை ஊர் நெடுங்காலம் நினைவில் வைத்திருக்கும்! மூடும் நேரம் நெருங்கியதும் மணியடித்து அறிவிப்பர்.

18 வயது நிறையாதவருக்கு மது விற்றல் சட்டப்படி குற்றம். ஆயினும் பெற்றோரோடு வரும் சிறுவரைப் பெரும்பாலான பொதுமனைகள் ஏற்றுக்கொள்கின்றன. மது அருந்தாதவரும் அங்கே தயக்கமின்றிப் போகலாம். நாம் கேட்டுப் பெற்றது ஒரு கேத்தில் தேநீர். எவரும் வியப்போடு நோக்கவில்லை. தேயிலை நம் நாட்டதாயிருக்கலாம் என்று மேடைக்குப் பின்னால் நின்ற பெண்மணி நகைத்தவாறு சொன்னார். அதிலிருந்தே பேச்சுத் தொடங்கிற்று. வீதியில் அந்நியரைக் கண்டால் வாய் திறவாத ஆங்கிலேயர், பொதுமனையின் மேடையருகே நின்றால் எவரோடும் பேசுவர். அங்கு நிற்பதே பேசுவதற்கு உத்தரவு தந்தது போலாகும். மழையைப் பற்றித் தொடங்கி, ஊர்ப் புதினம் முழுவதும் அரை மணி நேரத்தில் நமக்குக் கிடைத்துவிட்டது.

நம் ஊர்களிலே வாசிகசாலையில் ஒரு பகுதி, கோயில் மடத்தில் ஒரு பகுதி, தேர்முட்டியடியில் ஒரு பகுதி, சந்தையில் ஒரு பகுதி என நாம் பெறுவனவெல்லாம் அவ்வூரில் ஒரே கூரையின் கீழ் அமைந்துள்ளன. குளிரும் மழையும் ஆண்டிற் பாதியை விழுங்கும் நாட்டில் ஆலமர நிழலில் அமர்ந்து கதைக்க இயலுமா? தீக்கணப்பு உள்ள பொதுவீடு ஒன்று அவர்களுக்கு வேண்டியிருந்தது. தனியே வாழும் முதியவர் ஒருவர் இரண்டு நாள் வரவில்லையென்றால், "ஏன் காணவில்லை?" என்று கேட்க ஓர் இடம் வேண்டுமல்லவா?

மனைகள் மூடிய கதை

ஆயினும் இத்தகைய மனைகள் அந்நாடெங்கும் மூடப்பட்டு வருகின்றன. 20 ஆம் நூற்றாண்டின் முடிவில் பிரித்தானியாவில் 60,000 அளவில் இருந்தவை இன்று 50,000 க்கும் குறைந்துவிட்டன. சிற்றூர்களில் இழப்பு மிகுதி.

இதற்குக் காரணங்கள் பல. பேரங்காடிகளில் மது மலிவாகக் கிடைக்கிறது. வாங்கிச் சென்று வீட்டிலிருந்தே அருந்துவோர் பெருகிவிட்டனர். குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவதைத் தடுக்கும் சட்டம், நியாயமாகவே, தொலைவிலிருந்து வருவோரைக் குறைத்தது. வரியும் எரிபொருள் விலையும் ஏறின. மனையை நடத்துவதிலும் அதை வீடாக மாற்றி விற்றால் வரும் பணம் அதிகம் என்று கண்ட உரிமையாளரும் பலர்.

இதனோடு ஆழமான காரணம் ஒன்றும் உண்டு. இம்மனைகளிற் பெரும்பாலானவை அவ்வவ்வூராருக்குச் சொந்தமானவையல்ல. பெரிய பியர் வடிசாலைகளே அவற்றை வாங்கி, தங்கள் பியரையே விற்கவேண்டும் என்னும் நிபந்தனையோடு குத்தகைக்கு விட்டுவந்தன. 1989 ஆம் ஆண்டில் அரசாங்கம் இதற்கு ஒரு வரம்பு விதித்தது. 2,000 மனைகளுக்கு மேல் வைத்திருந்த வடிசாலைகள் மிகுதியின் மீதுள்ள பிடியைத் தளர்த்தவேண்டியதாயிற்று. விடுபட்ட மனைகள் ஊராரிடம் வந்து சேரவில்லை. அவற்றிற் பலவற்றை, மனைகளை வாங்கிக் குத்தகைக்கு விடுவதையே தொழிலாகக் கொண்ட புதிய கம்பனிகள் வாங்கின. எங்கோ தொலைவிலுள்ள காரியாலயத்திலே கணக்கேட்டைப் பார்க்கும் ஒருவருக்கு, ஹெஸ்கற் போன்றதோர் ஊரின் மனை வெறும் இலக்கம். இலாபம் குறைந்தால் நீக்கப்படவேண்டிய இலக்கம்.

ஊர் கூடித் தேர் இழுத்தது

ஓல்ட் கிரவுண் மனையின் பின்புறத்துக் களஞ்சியத்திலே 1988 ஆம் ஆண்டில் சிறியதொரு பியர் வடிசாலை தொடங்கப்பட்டது. அங்கு வடித்த பியர் வகைகளுக்குச் சுற்றியுள்ள மலைகளின் பெயர்களையே சூட்டினர். ஒன்றுக்கு மட்டும், 90 ஆம் பிறந்தநாளைக் கொண்டாடிய மூதாட்டி ஒருவரின் பெயர் வாய்த்தது. வடிசாலையைத் தொடங்கியவர் ஓய்வு பெற விரும்பிய வேளையில் அது அந்நியர் கைக்குப் போய்விடுமோ என்ற அச்சம் ஊராருக்கு உண்டாயிற்று. 1999 இல் அவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து வடிசாலையைத் தாமே வாங்கினர்.

நான்கு ஆண்டுகள் சென்றன. பொதுமனையும் விற்பனைக்கு வந்தது. பெருங்கம்பனி ஒன்று வாங்கினால் மனை உருமாறிப்போகும். எவரும் வாங்காவிட்டால் மூடப்பட்டுவிடும். ஊரார் மறுபடியும் கூடினர். நூற்றுக்கு மேற்பட்டோர் பங்குப்பணம் செலுத்தினர். 2003 ஆம் ஆண்டில் ஓல்ட் கிரவுண் அவர்களுக்குச் சொந்தமாயிற்று. பிரித்தானியாவில் கூட்டுறவு முறையில் ஊரார் சொந்தமாக்கிக்கொண்ட முதற் பொதுமனை இதுவே எனப் போற்றுகின்றனர். இன்று மன்னராயுள்ள சார்ள்ஸ், நாட்டுப்புறப் பொதுமனைகளைக் காக்கவென 2001 இல் இளவரசராக இருந்தபோது ஓர் இயக்கத்தைத் தொடக்கி வைத்தவர். அவரும் இம்மனைக்கு நேரில் வந்து சென்றார்.

கூட்டுறவின் அடிப்படை விதியை இங்கே நினைவுகூர்தல் வேண்டும். கம்பனியிலே பங்குக்கு ஏற்ப வாக்கு; கூட்டுறவிலே ஆளுக்கு ஒரு வாக்கு. செல்வர் ஒருவர் அதிகப் பணம் இட்டாராயினும் அவர் குரல் ஏனையோர் குரலிலும் ஓங்கி ஒலிக்காது. மனையை விற்பதா வைத்திருப்பதா என்பதை, அதன் கணப்பருகே அமர்ந்து குளிர் காய்பவர்களே தீர்மானிக்கிறார்கள்.

இம்முன்மாதிரியைப் பின்பற்றி வேறு ஊர்களும் முன்வந்தன. 2011 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமொன்று அவர்களுக்குத் துணை செய்தது. பொதுநலனுக்குரியதெனப் பதிவு செய்யப்பட்ட கட்டடம் ஒன்றை விற்க உரிமையாளர் முற்பட்டால், ஊரார் பணஞ் சேர்க்க 6 மாத காலம் பெறலாம் என்பது அதன் சாரம். பொதுமனைகள் மட்டுமன்றிக் கிராமக் கடைகளும் மண்டபங்களும் இவ்வகையில் காக்கப்பட்டன. இன்று ஊராருக்குச் சொந்தமான பொதுமனைகள் 150 க்கு மேல் உள்ளன. அவற்றுட் சிலவற்றில் தபாற் கந்தோரும் பலசரக்குக் கடையும் நூலகமும் ஒருங்கே இயங்குகின்றன.

நமக்கும் உண்டு இதில் உறவு

இக்கதையைப் படிக்கும் நம்மவர், "குடிக்கும் இடத்துக்கு இத்துணைப் புகழா?" என்று வினவலாம். வினா நியாயமானதே. பொதுமனையிலும் மது மதுதான். அதனாற் குடும்பங்கள் சிதைந்ததும் உடல்நலம் கெட்டதும் அந்நாட்டு வரலாற்றிலும் ஏராளம். கம்பிரியாவின் ஒரு பாகமாகிய கம்பர்லாந்தைச் சேர்ந்தவரே சேர் வில்ஃபிரிட் லோசன் என்னும் பாராளுமன்ற உறுப்பினர். 1906 இல் மறைந்த அவர், வாழ்நாள் முழுவதும் மதுவிலக்குக்காகப் போராடினார். தம் ஊரிலே தவறணை வேண்டுமா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவ்வூராருக்கே இருக்கவேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. நம் நாட்டிலும் 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஊரார் வாக்களித்துத் தவறணைகளை மூடும் முறை நடைபெற்றது. யாழ்ப்பாணத்தின் பல பகுதிகளில் அதனால் தவறணைகள் மறைந்தன.

வாக்களித்து மூடிய ஊரும் பங்கிட்டு வாங்கிய ஊரும் எதிரெதிரானவை போலத் தோன்றும். ஊன்றி நோக்கினால் இரண்டும் ஒரே நியாயத்தின் இரு கிளைகளே. ஊரின் நடுவே நிற்கும் ஒரு மனை இருக்கவேண்டுமா, எவ்வாறு இருக்கவேண்டும் என்பதைத் தொலைவிலுள்ள முதலாளி தீர்மானித்தல் ஆகாது. அதன் நன்மை தீமைகளை நாள்தோறும் அனுபவிக்கும் அயலவரே தீர்மானிக்கவேண்டும் என்பதே அந்நியாயம். கார்லைலில் அரசாங்கம் முதலாளியின் இடத்தை எடுத்துக்கொண்டது. நன்மை பல விளைந்தன. ஆயினும் அரசாங்கம் மனம் மாறியபோது யாவும் விற்கப்பட்டன. ஹெஸ்கற் ஊராருக்கோ தங்கள் மனையை விற்பதற்குத் தங்களையன்றி வேறு ஆளில்லை.

கூட்டுறவு என்பதும் நமக்குப் புதியதன்று. 1844 இல் இங்கிலாந்தின் றொச்டேல் நகரில் நெசவாளரும் கைவினைஞருமாக 28 பேர் தொடங்கிய சிறு கடையிலிருந்து அவ்வியக்கம் உலகெங்கும் பரவிற்று. 1911 இல் இலங்கையில் கூட்டுறவுச் சட்டம் வந்தது. மூளாயிலே ஊரார் கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையையே நடத்திக் காட்டினர். நம் வடபுலத்திலே பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களும் தோன்றின. முதலாளிமாரின் கீழ் உழைத்த சீவல் தொழிலாளர், அவற்றின் வாயிலாகத் தம் தொழிலிலும் தாம் இறக்கிய கள்ளின் விற்பனையிலும் உரிமை பெற்றனர். பிளாவில் வார்க்கும் பனங்கள்ளுக்கும் பைன்ற் கிண்ணத்தில் வார்க்கும் பியருக்கும் இடையே கடல்கள் பல கிடக்கலாம். உழைப்பவருக்கும் அயலவருக்கும் உரிமை வேண்டும் என்னும் எண்ணம் அக்கடல்களை முன்னரே கடந்துவிட்டது.

பிரித்தானியாவில் வாழும் நம்மவர் தொகை இன்று பெரிது. அங்குள்ள பொதுமனைகளின் உணவுப் பட்டியலிற் சோறும் கறியும் இடம் பெறுவது சாதாரணமாகிவிட்டது. நம் பிள்ளைகள் அவ்வாயில்களைக் கடந்து செல்லத்தான் போகிறார்கள். அவர்கள் அங்கே கற்றுக்கொள்ளவேண்டியது கிண்ணத்தில் உள்ளதையன்று. அதை விலக்கி வைத்துவிட்டும் அறியத்தக்கது ஒன்று உண்டு: அறிமுகமற்றவர் இருவர் அஞ்சாது பேசக்கூடிய ஓர் இடம் ஊருக்கு இன்றியமையாதது, அவ்விடம் தானாக நிலைத்து நில்லாது.

நம் ஊர்களிலும் இன்று தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் மாலைப்பொழுதை எடுத்துக்கொண்டுவிட்டன. வாசிகசாலையின் வாங்குகளில் தூசு படிகின்றது. சனசமூக நிலையத்தின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று தேடவேண்டிய ஊர்களும் உண்டு. போரினால் இடிந்து, பின்னர் புதிதாகக் கட்டப்பட்டும் ஆளில்லாது கிடக்கும் மண்டபங்களையும் காண்கிறோம். அவற்றை மூடியது சட்டமுமன்று, முதலாளியுமன்று. "யாரோ பார்த்துக்கொள்வார்கள்" என்னும் எண்ணமே.

ஊர் கூடினால் தேர் நகரும் என்பர் நம் முன்னோர். தேரை இருப்பிடம் சேர்த்த பின்னரும் வடத்தைப் பேணி வைக்க ஆள் வேண்டும். கொட்டகைக்குக் கூரை வேய ஆள் வேண்டும். சந்தை போய், சுரங்கம் போய், டிக்கன்ஸ் தங்கிய விடுதியும் போன பின்னர், மழைச் சாரலில் நிற்கும் அச்சிற்றூர் மக்கள் தங்களுக்கென எஞ்சியிருந்த ஒன்றைப் பார்த்து, "இது நம்முடையது" என்றனர். சொன்னதோடு நில்லாமல் கைப்பணத்தையும் எடுத்து வைத்தனர். நம் வாசிகசாலைகளும் நமக்காக அவ்வளவையே கேட்கின்றன. அவற்றிற்கு வேண்டிய பணமோ, ஒரு பொதுமனையின் விலையோடு ஒப்பிடுகையில், மிகச் சொற்பம்.